கிரெம்ளின் கோட்டைக்குள் இருக்கும் செனட் மாளிகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாஸ்கோவிலிருந்து பெரிய செய்தி வரும் நாள்களில், தொலைக்காட்சியில் சிவப்புக் கோட்டைச் சுவருக்குப் பின்னால் ஒரு குவிமாடமும் அதன்மேல் பறக்கும் கொடியும் தவறாமல் தெரியும். அது என்ன கட்டடம், யார் கட்டியது, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வரலாற்றில் ஆர்வமுள்ள நண்பர்கள் கேட்கும் ஐயங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கிரெம்ளின் என்பது அந்த மஞ்சள் கட்டடத்தின் பெயர்தானே?

இல்லை. கிரெம்ளின் என்பது கோட்டை. மாஸ்கோ ஆற்றங்கரையில் ஏறத்தாழ 28 ஹெக்டேர் பரப்பில், 2,235 மீட்டர் நீளமுள்ள சுவரும் 20 கோபுரங்களும் கொண்ட அந்தக் கோட்டைக்குள் பேராலயங்கள், அரண்மனைகள், படைக்கலச் சாலை, மணிக்கோபுரம், அருங்காட்சியகம் எனப் பல கட்டடங்கள் நிற்கின்றன. இன்றுள்ள செங்கற்சுவர்களை, மாஸ்கோவை ஆண்ட மூன்றாம் இவான் வரவழைத்த இத்தாலியக் கட்டடக் கலைஞர்கள் 1485-க்கும் 1495-க்கும் இடையில் எழுப்பினார்கள்.

நீங்கள் குறிப்பிடும் மஞ்சள் கட்டடம் செனட் மாளிகை. நிர்வாக வழக்கில் அதற்கு முதலாம் எண் கட்டடம் என்று பெயர். ‘கிரெம்ளின் மறுத்துள்ளது’, ‘கிரெம்ளின் அறிவித்துள்ளது’ என்று நாளிதழ்கள் எழுதும்போது அவை ரஷ்ய அதிபரின் அலுவலகத்தையே குறிக்கின்றன. அந்த அலுவலகம் இந்தக் கட்டடத்தில் இயங்குவதால் கோட்டையின் பெயர் கட்டடத்தின்மீதும் படிந்துவிட்டது. கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு இந்தக் குழப்பமே காரணம்.

மாளிகை என்கிறார்களே, ஜார் மன்னர்கள் இங்கே குடியிருந்தார்களா?

குடியிருக்கவில்லை. தொடங்கிய நாளிலிருந்தே இது கோப்புகளும் எழுத்தர்களும் வழக்குகளும் நிறைந்த அரசு அலுவலகம்தான். பேரரசர்கள் மாஸ்கோவுக்கு வரும்போது தங்குவதற்காகக் கோட்டையின் ஆற்றுப்பக்கத்தில் 1838 முதல் 1849 வரை கட்டப்பட்ட பெரிய கிரெம்ளின் அரண்மனை வேறு கட்டடம். இரண்டையும் ஒன்றாக எண்ணுவோர் மிகப் பலர்.

ரஷ்யாவில் செனட் என்று ஒன்று இருந்ததா? இப்போதும் இருக்கிறதா?

இருந்தது. ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்த அவை என்று நினைத்துவிடக் கூடாது. மகா பீட்டர் 1711-இல் நிறுவிய ஆளும் செனட், பேரரசர் நியமித்த உறுப்பினர்களைக் கொண்டது. காலப்போக்கில் அது மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும், சட்டங்களை வெளியிட்டு நிர்வாகத்தைக் கண்காணிக்கும் அமைப்பாகவும் ஆயிற்று. 1763-இல் பேரரசி இரண்டாம் கேத்தரின் அதை ஆறு துறைகளாகப் பிரித்து, நான்கைத் தலைநகரமான புனித பீட்டர்ஸ்பர்க்கிலும் இரண்டை மாஸ்கோவிலும் இயங்கச் செய்தார். மாஸ்கோவுக்கு வந்த அந்த இரண்டு துறைகளுக்கு இடம் தேவைப்பட்டதே இந்தக் கட்டடம் எழக் காரணம்.

அந்த செனட் 1917 புரட்சியோடு முடிந்துபோயிற்று. இன்றைய ரஷ்ய நாடாளுமன்ற மேலவையின் உறுப்பினர்களையும் செனட்டர்கள் என்கிறார்கள். அவர்கள் கூடும் அவை கோட்டைக்கு வெளியே, நகரின் வேறொரு தெருவில் இருக்கிறது. அதற்கும் இந்த மாளிகைக்கும் தொடர்பில்லை.

அலுவலகம் கட்ட ஊரில் வேறு இடமே இல்லையா? கோட்டைக்குள் ஏன் கட்ட வேண்டும்?

கோட்டைக்குள் அலுவலகம் இருப்பது அங்கே நெடுநாள் வழக்கம். பீட்டரின் காலத்துக்கு முன்பு மாஸ்கோ அரசை நடத்திய நிர்வாகத் துறைகள் எல்லாம் கிரெம்ளினுக்குள், பேராலயங்களுக்கு அருகே இருந்த நீண்ட கட்டடத்தில்தான் இயங்கின. மனு கொடுக்க வந்தவர்களும் எழுத்தர்களும் அங்கேதான் கூடினார்கள்.

பிறகு நடந்தது கொஞ்சம் விந்தையானது. 1760-களின் இறுதியில் வசீலி பஷேனொவ் என்ற கட்டடக் கலைஞர், ஆற்றுப்பக்கம் முழுவதையும் அடைக்கும் மாபெரும் அரண்மனை ஒன்றுக்குத் திட்டம் தீட்டினார். அதற்கு வழிவிடுவதற்காகப் பழைய அலுவலகக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. கோட்டைச் சுவரின் ஒரு பகுதியும் அகற்றப்பட்டது. 1773-இல் விமரிசையாக அடிக்கல் நாட்டப்பட்ட அந்தத் திட்டத்தை 1775-இல் கேத்தரினே கைவிட்டார். இடித்த சுவரைத் திரும்பக் கட்டினார்கள், அலுவலகங்களைக் கட்டவில்லை. அரண்மனையும் வரவில்லை, அலுவலகமும் போயிற்று என்ற அந்த நிலையில், அடுத்த ஆண்டே, பஷேனொவின் கீழ் அதே அரண்மனைத் திட்டத்தில் பணியாற்றிய மத்வேய் கசாக்கோவிடம் செனட்டுக்கான கட்டடப் பணி ஒப்படைக்கப்பட்டது.

கட்டியவர் யார், எத்தனை ஆண்டுகள் ஆயின?

வடிவமைத்தவர் கசாக்கோவ் (1738–1812). கட்டுமானம் 1776-இல் தொடங்கி 1787-இல் முடிந்தது. உள் அலங்கார வேலைகள் அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் நீடித்தன. கட்டுமான மேற்பார்வையைக் கவனித்தவர் கார்ல் பிளாங்க் என்ற மற்றொரு கட்டடக் கலைஞர். இந்த வேலைக்குத் தாமும் ஒரு வடிவமைப்பைக் கொடுத்து, அது ஏற்கப்படாமல், போட்டியாளரின் வடிவமைப்பை நிறைவேற்றித் தரும் பொறுப்பை ஏற்றவர் அவர். வரலாற்று நூல்களில் அவர் பெயர் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

கசாக்கோவின் பெயரை மாஸ்கோ முழுவதும் காணலாம். மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம், பெத்ரோவ்ஸ்கி அரண்மனை, பின்னாளில் தொழிற்சங்க மாளிகை எனப் பெயர் பெற்ற பிரபுக்கள் மன்றம் ஆகியவற்றையும் உருவாக்கியவர் அவரே.

மேலிருந்து எடுத்த படத்தில் முக்கோணமாகத் தெரிகிறதே, அப்படி ஏன் கட்டினார்கள்?

கிடைத்த நிலம் முக்கோணம். ஒரு பக்கம் செஞ்சதுக்கத்தை ஒட்டிய கோட்டைச் சுவர், இன்னொரு பக்கம் ஏற்கெனவே நின்ற படைக்கலச் சாலை, மூன்றாவது பக்கம் சூதொவ் மடாலயம். இந்த மூன்றுக்கும் நடுவில் பிரபுக் குடும்பங்களின் பழைய வீடுகள் இருந்த மனையே கசாக்கோவுக்குத் தரப்பட்டது. இத்தகைய மனையில் பலர் நீள்சதுரக் கட்டடம் ஒன்றை வைத்துவிட்டு மிச்சத்தை முற்றமாக விட்டிருப்பார்கள். கசாக்கோவ் நிலத்தின் வடிவத்தையே கட்டடத்தின் வடிவமாக எடுத்துக்கொண்டு, முக்கோணத்தின் முனைகளை மழுக்கி, உள்ளே இரண்டு குறுக்குக் கட்டடங்களை எழுப்பி, நடு வெளியை மூன்று முற்றங்களாகப் பிரித்தார். நடு முற்றம் ஐங்கோணம். படைக்கலச் சாலைப் பக்கத்து வளைவு வழியாக நுழைகிறவர், அந்த முற்றத்தைக் கடந்து நேரே குவிமாட மண்டபத்தை அடைவார்.

அலுவலகத்துக்கு இது மிகவும் பொருந்திய அமைப்பு. நீண்ட நடைகூடங்களை முற்றத்துப் பக்கமாக வைத்து, அறைகளை அவற்றை ஒட்டி வரிசையாக அமைத்ததால், ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்குக் கூரையின்கீழேயே சுற்றிவர முடிகிறது. மாஸ்கோவின் குளிர்காலத்தை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை புரியும். இந்தக் கட்டடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது குவிமாடம் அன்று. கோணலான மனையைக் குறையாகக் கருதாமல் கையாண்ட இந்தத் தளவரைவுதான்.

கல் கட்டடம் என்று ஒருவர் எழுதுகிறார், செங்கல் என்று இன்னொருவர் எழுதுகிறார். எது சரி?

சுவர்கள் செங்கல், மேலே சுண்ணச்சாந்து பூசி மஞ்சள் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். அலங்கார வேலைகளில் மாஸ்கோப் பகுதியின் வெண்ணிறச் சுண்ணாம்புக்கல்லும் பயன்பட்டிருக்கிறது. பெரும்பாலும் மரத்தால் கட்டப்பட்டிருந்த அந்நகரில் முக்கியமான வேறுபாடு மரமா, மரமல்லாததா என்பதுதான். எனவே செங்கல்லும் கல்லும் ஒரே வகையில் அடங்கின. 1701-லும் 1737-லும் பெருந்தீ கிரெம்ளினையே சூறையாடியது. காகிதங்களைக் காக்கும் அலுவலகத்தை மரத்தில் கட்ட அதன்பின் யாரும் துணிந்திருக்க மாட்டார்கள்.

குவிமாடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது?

வட்ட வடிவிலான ஒரு பெரிய மண்டபம். அதன் விட்டம் 24.7 மீட்டர், உயரம் 27 மீட்டர். சுவரைச் சுற்றிக் கொரிந்தியத் தூண்கள் நிற்கின்றன. அவற்றுக்கு மேலே வெளிச்சம் விழும் சாளரங்கள் உள்ளன. கேத்தரினின் ஆட்சியைப் போற்றும் உருவகக் காட்சிகளைச் சிற்பி கவ்ரீல் ஜமராயெவ் புடைப்புச் சிற்பங்களாகச் செய்தார். அவற்றின் கருப்பொருளை வகுத்தவர்கள் கவிஞர் தெர்ஜாவினும் அவருடைய நண்பர் லிவோவும். தெர்ஜாவின் பிற்காலத்தில் நீதித்துறை அமைச்சராகவும் இருந்தவர்; நீதியைப் பற்றிய சிற்பங்களுக்குக் கருப்பொருள் வகுக்க இவரைவிடப் பொருத்தமானவர் அன்று கிடைத்திருக்க மாட்டார். மாஸ்கோ மாகாணத்துப் பிரபுக்களின் கூட்டங்களையும் இங்கே நடத்தலாம் என்ற எண்ணம் தொடக்கத்தில் இருந்ததால்தான், இரண்டு துறைகளுக்குத் தேவையானதைவிட இவ்வளவு பெரிய மண்டபம் அமைந்தது.

குவிமாடம் இடிந்து விழும் என்று பயந்தார்களாம். கசாக்கோவே மேலே ஏறி நின்று காட்டினாராம். உண்மையா?

சாரத்தைப் பிரித்ததும் கசாக்கோவ் குவிமாடத்தின் உச்சியில் ஏறி நின்றார் என்ற கதை மாஸ்கோவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. அதைக் கதையாகவே வைத்துக்கொள்வது நல்லது. அது எழுந்ததற்கான காரணம் மட்டும் உண்மை: அவ்வளவு அகலமான செங்கற்குவிமாடம் அன்றைய மாஸ்கோவுக்குப் புதுமை. அது இன்றும் நிற்கிறது என்பதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

1812-இல் நெப்போலியன் கிரெம்ளினைத் தகர்த்தார் என்று படித்தேன். அப்படியானால் இப்போது இருப்பது திரும்பக் கட்டியதா?

இல்லை. பின்வாங்கும்போது கோட்டையைத் தகர்க்கும்படி நெப்போலியன் ஆணையிட்டது உண்மை. அதை நிறைவேற்றும் வேலை தளபதி மோர்த்தியேவிடம் விடப்பட்டது. படைக்கலச் சாலையின் ஒரு பகுதியும் ஆற்றோரக் கோபுரம் ஒன்றும் அழிந்தன. நிக்கோல்ஸ்கி கோபுரம் சேதமடைந்தது. மழையில் திரிகள் நனைந்ததால் எல்லா வெடிகளும் வெடிக்கவில்லை. எதிரே இருந்த படைக்கலச் சாலை அப்படிச் சிதைந்தும் செனட் மாளிகை தப்பியது.

இழந்தது உச்சியிலிருந்த சிலையைத்தான். மாஸ்கோவின் சின்னமான, குதிரைமேல் அமர்ந்து நாகத்தைக் கொல்லும் புனித ஜார்ஜின் சிலை முதலில் அங்கே இருந்தது. பிரெஞ்சுப் படை வந்துபோன பிறகு அது இல்லை. அதற்குப் பதிலாகப் பேரரசின் மகுடத்தைத் தாங்கி, ‘சட்டம்’ என்று எழுதப்பட்ட ஒரு சிறு தூண் வந்தது. புரட்சிக்குப் பின் அதுவும் போய்க் கொடிக்கம்பம் வந்தது. மாஸ்கோ எரிந்த செய்தி, ரியாசான் நகரில் நோயுற்றிருந்த முதிய கசாக்கோவை எட்டியது. அதே ஆண்டில் அவர் இறந்தார்.

டிசம்பர் புரட்சியாளர்கள் கலகம் செய்த செனட் சதுக்கம் இந்தக் கட்டடத்தின் முன்னால்தான் இருக்கிறதா?

அந்தச் சதுக்கம் புனித பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது. முன்பு சொன்னதுபோல செனட்டின் நான்கு துறைகள் அந்நகரில் இயங்கின. 1825 டிசம்பரில் இளம் அதிகாரிகள் தங்கள் படைகளை நிறுத்தியது அங்கிருந்த செனட் கட்டடத்தின் முன்புதான். சில ஆண்டுகளுக்குப் பின் அதே இடத்தில் கார்லோ ரோஸி செனட்டுக்கும் சினோத் என்ற திருச்சபை ஆட்சிக்குழுவுக்கும் எழுப்பிய கட்டடத்தில் இன்று ரஷ்ய அரசமைப்பு நீதிமன்றம் இயங்குகிறது. கிரெம்ளினுக்குள்ளும் செனட் சதுக்கம் என்ற பெயரில் ஒரு திறந்தவெளி இருப்பதால்தான் இந்தத் தடுமாற்றம்.

செனட் முடிவதற்கும் லெனின் வருவதற்கும் இடையில் இது நீதிமன்றமாக இருந்ததாமே?

செனட் முடிவதற்கு முன்பே நீதிமன்றம் வந்துவிட்டது. இரண்டாம் அலெக்சாந்தர் 1864-இல் கொண்டுவந்த நீதிச் சீர்திருத்தம், திறந்த விசாரணை, நடுவர் குழு, வழக்கறிஞர் தொழில் ஆகியவற்றை ரஷ்யாவுக்குப் புதிதாகத் தந்தது. அதன் பயனாக 1866-இல் தொடங்கிய மாஸ்கோ வட்ட நீதிமன்றம் இந்தக் கட்டடத்தில்தான் அமர்ந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு மாஸ்கோக்காரர்கள் இதை நீதி நிறுவனங்களின் கட்டடம் என்றே அறிந்திருந்தார்கள். பேச்சாற்றலால் நாடெங்கும் புகழ்பெற்ற வழக்கறிஞர் பியோதர் பிளெவாக்கோ வாதாடிய காலம் அது. சாதாரண மக்கள் தாராளமாக உள்ளே வந்துபோன ஒரே காலமும் அதுதான் என்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

லெனின் வாழ்ந்த அறைகள் இங்கே இன்னும் இருக்கின்றனவா?

இப்போது இல்லை. 1918 மார்ச்சில் சோவியத் அரசு பெத்ரோகிராதிலிருந்து (புனித பீட்டர்ஸ்பர்க்கின் அன்றைய பெயர்) மாஸ்கோவுக்கு இடம் மாறியபோது, லெனின் முதலில் ஒரு விடுதியிலும் பிறகு கிரெம்ளினின் வேறொரு கட்டடத்திலும் சில காலம் தங்கிவிட்டு, இதன் மூன்றாம் மாடிக்குக் குடிவந்தார். வீடும் அலுவலகமும் அமைச்சரவைக் கூட்ட அறையும் ஒரே நடைகூடத்தில் இருந்தன. அந்த அறைகள் 1955 முதல் அருங்காட்சியகமாகக் காக்கப்பட்டன. 1990-களின் சீரமைப்பின்போது பொருள்கள் முழுவதும் மாஸ்கோவுக்கு வெளியேயுள்ள கோர்க்கி லெனின்ஸ்கியேவுக்கு 1994-இல் மாற்றப்பட்டன. பார்க்க விரும்புகிறவர் அங்கேதான் போக வேண்டும்.

நம் வாசகர்களுக்கு ஆர்வமூட்டும் செய்தி ஒன்று உண்டு. 1919 மே மாதம் ராஜா மகேந்திர பிரதாப்பின் தலைமையில் லெனினைச் சந்தித்த இந்தியப் புரட்சியாளர் குழுவில், சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சாரியாவும் இருந்தார். பாரதியார் ஆசிரியராக இருந்த ‘இந்தியா’ வார இதழோடு புதுச்சேரியில் தொடர்புகொண்டிருந்தவர் அவர்.

ஸ்டாலின் அலுவலகமும் இதே கட்டடமா? ஸ்வெர்த்லோவ் மண்டபம் என்று படிக்கிறேனே, அது எது?

ஆம், இதே கட்டடம்தான். 1930-களிலிருந்து அவருடைய அலுவலகம் இங்கே இருந்தது. 1932-இல் மனைவி இறந்தபின் வீட்டையும் இங்கேயே மாற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னும் சோவியத் அமைச்சர்கள் அவையும் கட்சித் தலைமையும் இந்தக் கட்டடத்திலிருந்தே இயங்கின.

ஸ்வெர்த்லோவ் மண்டபம் என்பது மேலே விவரித்த வட்ட மண்டபமேதான். கேத்தரினின் நினைவாக வழங்கிய பெயரை நீக்கி, 1919-இல் இறந்த போல்ஷ்விக் தலைவர் யாக்கோவ் ஸ்வெர்த்லோவின் பெயரைச் சூட்டினார்கள். கம்யூனிஸ்ட் கட்சி மத்தியக் குழுவின் முழுக் கூட்டங்கள் இங்கே நடந்தன. பேரரசியைப் புகழும் சிற்பங்களின் கீழே அமர்ந்து அவர்கள் ஐந்தாண்டுத் திட்டங்களைப் பேசினார்கள். சோவியத் ஒன்றியம் முடிந்தபின் பழைய பெயர் திரும்பியது.

1991-இல் சோவியத் கொடியை இறக்கிய காட்சி இந்தக் கூரையில்தான் நடந்ததா?

ஆம். 1991 டிசம்பர் 25 அன்று மாலை கோர்பசேவ் தொலைக்காட்சியில் பதவி விலகலை அறிவித்த சிறிது நேரத்தில், இந்தக் குவிமாடத்தின் கம்பத்திலிருந்து செங்கொடி இறக்கப்பட்டு ரஷ்யாவின் மூவண்ணக் கொடி ஏற்றப்பட்டது. பெரிய விழா எதுவும் இல்லை. இன்று அங்கே பறப்பது அதிபரின் தனிக்கொடி.

புதின் பதவியேற்ற பொன்னிற மண்டபமும், பாதுகாப்பு அவைக் கூட்டம் நடந்த தூண் மண்டபமும் ஒரே இடமா?

இல்லை. பொன்னிறக் கதவுகள் திறக்க, சிவப்புக் கம்பளத்தில் நடந்துவரும் பதவியேற்பு விழா பெரிய கிரெம்ளின் அரண்மனையில் நடப்பது. 2022 பிப்ரவரி 21 அன்று உக்ரைன் தொடர்பாக ஒவ்வொருவரையும் எழுப்பிக் கருத்துக் கேட்ட பாதுகாப்பு அவைக் கூட்டம் செனட் மாளிகையின் வட்ட மண்டபத்தில் நடந்தது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கேத்தரின் பெயரில் பெரிய கிரெம்ளின் அரண்மனையிலும் ஒரு மண்டபம் இருக்கிறது. அது பேரரசியரின் அரியணை மண்டபமாகக் கட்டப்பட்டது. செய்தியில் ‘கேத்தரின் மண்டபம்’ என்று மட்டும் வந்தால் படத்தைப் பாருங்கள். சுவர் வளைந்து, வெண்தூண்கள் வட்டமாக நின்றால் அது செனட் மாளிகை.

செனட் கோபுரம் என்று சுவரில் ஒன்று இருக்கிறதே, மாளிகையோடு சேர்த்துக் கட்டியதா?

கோபுரம் மாளிகையைவிட ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு மூத்தது. 1491-இல் பியத்ரோ அந்தோனியோ சொலாரி கட்டிய, 34.3 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரத்துக்கு, பின்னால் எழுந்த மாளிகையால்தான் இந்தப் பெயர் வந்தது. கசாக்கோவ் வட்ட மண்டபத்தைச் செஞ்சதுக்கத்தின் நடு அச்சில் நிறுத்தினார். லெனின் நினைவிடமும் அதே அச்சில் வைக்கப்பட்டது. 1924-இல் மரத்தில் தொடங்கி, 1930-இல் இன்றைய கிரானைட் வடிவத்தை அது பெற்றது. ஆகவே நினைவிடம், கோபுரம், குவிமாடம் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நேர்க்கோட்டில் தெரிகின்றன.

2023-இல் டிரோன் வந்து வெடித்தது இந்தக் குவிமாடத்தின்மீதா?

ஆம். 2023 மே 3 அன்று பின்னிரவில் இரண்டு டிரோன்கள் குவிமாடத்தின் அருகே வெடித்துச் சிதறிய காணொளி வெளியானது. உக்ரைன்தான் செய்தது என்று ரஷ்யா குற்றம் சாட்டியது, உக்ரைன் மறுத்தது. அதிபர் அப்போது அங்கே இல்லை என்று அவருடைய அலுவலகம் கூறியது. கூரைக்குப் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை.

நான் மாஸ்கோ போனால் உள்ளே சென்று பார்க்க முடியுமா?

உள்ளே அனுமதி இல்லை. அதிபரின் பணியிடம் என்பதால் சுற்றுலாப் பயணிகளுக்கு அது மூடப்பட்டே இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்க இரண்டு வழிகள் உண்டு. செஞ்சதுக்கத்தில் நின்றால் சுவருக்கு மேலே குவிமாடமும் கொடியும் மட்டும் தெரியும். நுழைவுச்சீட்டு வாங்கி, குத்தாஃப்யா கோபுரம், திரித்துவக் கோபுரம் வழியாகக் கோட்டைக்குள் சென்றால், இடப்பக்கம் படைக்கலச் சாலையைத் தாண்டி மாளிகையின் மஞ்சள் முகப்பைக் காணலாம். எல்லைக்கோட்டைத் தாண்டினால் காவலர்கள் விசில் ஊதித் திருப்பி அனுப்புவார்கள்.

2014 முதல் ஸ்பாஸ்கயா கோபுரம் வழியாக வெளியேற அனுமதிக்கிறார்கள். அந்தப் பாதையில் போவதையே பரிந்துரைக்கிறேன். சூதொவ் மடாலயத்தை இடித்துவிட்டு 1930-களில் கட்டிய பதினான்காம் எண் கட்டடம் இப்போது அகற்றப்பட்டுவிட்டதால், மாளிகையின் தெற்குப் பக்கம் மறைப்பின்றித் தெரிகிறது. முக்கோணத்தின் ஒரு பக்கம் எவ்வளவு நீளம் என்பதை அங்கேதான் உணர முடியும். வியாழக்கிழமைகளில் கிரெம்ளின் அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. அரசு நிகழ்ச்சிகளுக்காக மற்ற நாள்களிலும் மூடுவதுண்டு. ஆகவே புறப்படுமுன் பார்வை நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.